தாமதத்துக்குச் சாட்சி

ஸ்டாக்வெல் ஃபால்ஸ் அணையின் உரிமம் காலாவதியாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அணைக்கு அது தெரியாது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, கிழட்டு டர்பைன் முனகிக்கொண்டே சுற்றியது, மின்சாரம் எதிர்க்கரையில் இருந்த காகித ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. உரிமம் கொடுக்க வேண்டிய வாஷிங்டன் ஆணையம் மட்டும் வருடத்துக்கொரு முறை ஒரே வாசகத்தை அனுப்பிவைக்கும்: புதிய உரிமம் பற்றி முடிவாகும்வரை பழைய நிபந்தனைகளின்படி இன்னும் ஓர் ஆண்டு நடத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட அணையை நம்பி எந்த வங்கி புது டர்பைனுக்குக் கடன் கொடுக்கும்? "இன்னும் ஒரு மாசம் இருந்துக்கோ" என்று வீட்டுக்காரர் மாதாமாதம் சொல்லும் வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

அணை ஊருக்குச் சொந்தம். ஊரின் டவுன் மேனேஜர் டெனீஸ் டெரியோ. மெய்ன் மாநிலத்தின் மேல்கோடியில் இருக்கும் ஓர் ஆலை ஊருக்கு டவுன் மேனேஜர் என்றால் ஏதோ பெரிய நாற்காலி என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் உடைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், பனி அள்ளும் லாரி படுத்துக்கொண்டாலும் அவளைத்தான் திட்டுவார்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு அவளுக்குக் கால் வலியும் நாக்கு நீளமும் கொஞ்சம் அதிகம். இரண்டையும் ஊர் பழகிக்கொண்டது.

அந்த ஊரில் அனுமதி வாங்கும் முறையே வேறு. யாருக்காவது ஷெட் போட வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வர மாட்டார்கள். ஹார்டுவேர் கடையில் டெனீஸ் ஆணி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

"டெனீஸ், நம்ம ஷெட்டு என்னாச்சு?"

"வேலிய விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

அவ்வளவுதான். தாள் பின்னால் வரும், சில சமயம் வராமலும் போகும். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. முடிவெடுக்கிறவர் முகம் கொடுத்துப் பேசுவதுதான் அங்கே மரியாதை. பேசாமல் தாளை மட்டும் அனுப்புகிறவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். ஆணையத்தின் மேல் ஊருக்கு இருந்த கோபத்தில் பாதி தாமதத்தால் வந்தது, மீதி இந்தத் திமிரால் வந்தது.

ஆனால் ஆணையத்தின் ஏற்பாடு அப்படிக் கிடையாது. இந்த உரிமத்துக்கு எதிர்த் தரப்பு ஒன்று இருந்தது. அணைக்குக் கீழே ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களின் சங்கம். வசந்தத்தில் கடலிலிருந்து ஏறிவரும் ஹெர்ரிங் மீன்கள் அணையில் முட்டிக்கொண்டு திரும்புகின்றன, அவற்றை மேலே தூக்கிவிட ஒரு லிஃப்ட் கட்டாமல் உரிமம் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மீனுக்கு லிஃப்ட் கட்டும் செலவில் ஊரையே இன்னொரு முறை கட்டிவிடலாம். "டவுன் ஹால் மாடிக்கே லிஃப்ட் கிடையாது, என் முட்டி அழுவுது, மீனுக்கு லிஃப்டாம்" என்று டெனீஸ் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பாள். இரண்டு தரப்பு இருப்பதால் ஆணையத்துக்கு இது வழக்கு மாதிரி. கோப்பை வைத்திருக்கும் அதிகாரி தீர்ப்பைப் பற்றி ஒரு தரப்போடு தனியாகப் பேசக் கூடாது. ஊர் வக்கீல் தொடக்கத்திலேயே இதை டெனீஸுக்குச் சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆட்டிய தலை.

இதற்குள் கோப்பு பல கை மாறிவிட்டது. கடைசியாக வந்து சேர்ந்தது வென்டல் ஹாஸ்கின்ஸ் என்பவரிடம். முன்னால் இருந்தவர்கள் குப்பையாக்கி வைத்ததை எடுத்து, தூசி தட்டி, உண்மையிலேயே படித்த முதல் ஆள் அவர்தான். செப்டம்பரில் அணையைப் பார்க்க நேரிலும் வந்தார். ஒட்டி உலர்ந்த மனிதர். மழைக்கோட்டு, கையில் சொந்த ஃப்ளாஸ்க். வந்த அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை மாலை சர்ச் கூடத்தில் ஊருக்கே விருந்து, பன்றிக் கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸ். டெனீஸ் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

"உக்காருங்க சார். இது ஊர் கணக்கு."

"இல்ல மேடம். உங்க ஊர்ல ஒரு வாய் காபி குடிச்சாலும் என் காசுலதான் குடிக்கணும்."

பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி கரண்டியோடு நின்றாள். "பீன்ஸுல என்னத்த சார் லஞ்சம் குடுக்கறது? பன்னிக் கொழுப்பையா?"

கூடமே சிரித்தது. வென்டலும் சிரித்தார். ஆனாலும் வாசலில் இருந்த டப்பாவில் தன் காசைப் போட்டுவிட்டுத்தான் தட்டைத் தொட்டார். ஆலையில் வேலை பார்க்கும் ரேமண்ட், டெனீஸின் தம்பி, அக்காவின் காதோரம் சொன்னான்: "இந்த ஆளு செத்தாலும் சட்டப்படிதான் சாவான்."

மறுநாள் காலை அணையின் மேல் டெனீஸும் வென்டலும் மட்டும் நடந்தார்கள். ஊர் வக்கீல் வரவில்லை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். நனைந்த சுவரில் ஒரு விலாங்கு மீன் ஒட்டி நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது. வென்டல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டெனீஸ் எதிர்க்கரையில் புகை விட்டுக்கொண்டிருந்த ஆலையைக் காட்டினாள்.

"டிசம்பர்ல ஒஹையோல ஆலை முதலாளிங்க கூட்டம் சார். இந்த ஊரு கரன்ட நம்பலாமா வேணாமான்னு அன்னிக்கு முடிவு பண்ணுவாங்க. எங்க கையில ஒண்ணும் இல்லன்னா மிஷினக் கழட்டி லாரியில ஏத்திருவாங்க. என் தம்பி அந்த மிஷின்லதான் இருக்கான். அவன் மட்டுமா, ஊர்ல பாதிப் பேர் அங்கதான்."

வென்டல் நிமிரவில்லை. விலாங்கு பாதிச் சுவர் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி தொடங்கியது.

"மேடம், அதுல மீன் லிஃப்ட் இல்ல."

"எதுல?"

"உரிமத்தோட வரைவுல. விலாங்கு ஏற ஒரு சாய்தளம் போடச் சொல்லியிருக்கோம், அவ்வளவுதான். அது உங்களால தாங்க முடியும். நவம்பர்லயே, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னால கையெழுத்துக்குப் போயிரும். ஆலைக்காரங்கள அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க." பிறகு ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். "இத நான் சொல்லியிருக்கக் கூடாது."

"அட, நான் யார்கிட்ட சார் சொல்லப் போறேன்."

மனதாரத்தான் சொன்னாள். ஆலை மேனேஜரிடம் மட்டும் போய், ஆதாரம் கேட்காதே, மீன் லிஃப்ட் வராது, டிசம்பர்வரை பல்லைக் கடித்துக்கொண்டிரு என்றாள். அவர் ஒஹையோவுக்குப் பேசினார். மிஷினைக் கழற்ற இப்போதே ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்திவைத்தார்கள். டெனீஸ் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்டோபரில் வாஷிங்டனிலிருந்து ஒரு போன் வந்தது. நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று அணை உரிமங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகின்றன என்று ஆணையத்தை நிறுத்திவைத்துக் கேட்கப் போகிறது, ஸ்டாக்வெல் ஃபால்ஸிலிருந்து சாட்சி வேண்டும். பேசியது கமிட்டியின் உதவியாளர், குரலிலேயே வாசனைத் திரவியம் மணக்கும் ஓர் இளம்பெண்.

"உங்க கதைய கேட்டதும் எங்க தலைவர் அப்படியே உருகிட்டார் மேடம். அஞ்சு நிமிஷம் பேசணும். ஆலை, தொழிலாளி, குடும்பம், எல்லாம் வரணும். யாராவது ஒரு அதிகாரி பேரச் சொன்னீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"பேரெல்லாம் வேணாம்மா. தாமதம்தான் தப்பு, ஆளு தப்பில்ல."

"சரி, அத அங்க பாத்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

ரேமண்டுக்கு இது பிடிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து, தலையில் காகிதத் தூளோடு அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே கேட்டான்.

"அதான் வருதுன்னு அந்த ஆளே சொல்லிட்டாருல்ல. அப்புறம் நீ எதுக்கு அங்க போய் நிக்கற?"

"கூப்பிடறாங்கடா. போய் ரெண்டு தட்டு தட்டினா இன்னும் சீக்கிரம் வரும்."

"வந்துக்கிட்டு இருக்கற பஸ்ஸுக்கு எதுக்குக்கா கல்லு வீசற?"

"உனக்கென்ன தெரியும். ஒன்பது வருஷமா நான் எழுதின எதையாவது ஒருத்தன் படிச்சிருப்பானா? ஒரு தடவையாவது எவனாவது உக்காந்து கேக்கட்டும்."

உண்மை அதுதான். ஆலைக்காக, ஊருக்காக என்று எத்தனை சொன்னாலும், அவளுக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது. யார் குறை சொல்வது? இத்தனை வருடம் சுவரோடு பேசியவளுக்கு ஒரு மைக் கிடைக்கிறது. நீல நிறத்தில் புதுக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். விலைச் சீட்டைக் கிழிக்காமல் உள்ளே செருகிப் போட்டுக்கொண்டு வாஷிங்டன் போனாள், பிறகு கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று.

கமிட்டி அறையில் மரமும் பித்தளையும் மின்னின. மேடையில் வரிசையாகப் பெரிய நாற்காலிகள், அவற்றில் பாதி காலி. தலைவர் லோவல் ஸ்ட்ராட்டன், மேற்கே ஏதோ மாநிலத்து எம்.பி., நரைத்த தலையை அலையலையாக வாரியிருந்தார். டெனீஸை வலது கையைத் தூக்கச் சொல்லி உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அவள் மேசையில் மூன்று விளக்குகள். பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்க வேண்டும், சிவப்பு என்றால் வாயை மூட வேண்டும். பக்கத்தில் ஆணையத்தின் இயக்குநர். அவர் முதுகுக்குப் பின்னால், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, வென்டல் ஹாஸ்கின்ஸ். பின்வரிசைக்கு மைக் கிடையாது. முன்வரிசைக்காரர் கை நீட்டினால் காகிதம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வேலை.

டெனீஸைப் பார்த்து வென்டல் லேசாகத் தலையசைத்தார். அவளுக்குத் தெம்பு வந்தது.

நன்றாகத்தான் பேசினாள். ஒரு வருட உரிமம், கடன் தராத வங்கி, மூடக் காத்திருக்கும் ஆலை, எல்லாம் சொன்னாள். மீன் லிஃப்ட் நகைச்சுவையைக்கூட எடுத்துவிட்டாள், எடுபட்டது. நடுவில் இரண்டு எம்.பி.க்கள் எழுந்து வெளியே போனார்கள், வேறு இரண்டு பேர் வந்து போனைப் பார்த்தார்கள். ஸ்ட்ராட்டன் மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். மஞ்சள் எரிந்தது. முடித்தாள். சிவப்பு எரிந்தது.

ஸ்ட்ராட்டன் இயக்குநர் பக்கம் திரும்பினார். "இந்தக் கோப்ப வச்சிருக்கிற மகான் யாரு? இங்க இருக்காரா?"

இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

"எழுந்திரிங்க சார். வெட்கப்படாதீங்க. எல்லாரும் பாக்கட்டும்."

வென்டல் எழுந்தார். மடியிலிருந்த கோப்புகளை வைக்க இடமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம். நான் கேக்கறது ரொம்பச் சின்ன கேள்வி. ஸ்டாக்வெல் ஃபால்ஸ் எங்க இருக்குன்னு இவருக்குத் தெரியுமா? மேப்ப விரிச்சா விரல் வைப்பாரா, இல்ல அதுக்கும் ஒன்பது வருஷம் வேணுமா?"

அறை சிரித்தது. நிருபர்கள் சிரித்தார்கள், ஸ்ட்ராட்டனின் உதவியாளர்கள் கடமையாகச் சிரித்தார்கள். மைக் இல்லாத மனிதன் என்ன பதில் சொல்வான்? வென்டலின் காது மடல்கள் சிவந்தன. தன் காசில் பீன்ஸ் சாப்பிட்ட மனிதர், விலாங்கு ஏறுவதைக் குனிந்து பார்த்த மனிதர், திருவிழாவில் கல்லெறியக் கட்டிவைத்த பொம்மையாக நிற்கிறார். டெனீஸுக்கு வயிறு எரிந்தது. இந்த அநியாயத்தைத் தன் பேரைச் சொல்லி நடத்துகிறார்களே என்று இன்னும் எரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் மைக்கை அமுக்கினாள்.

"சார், அவருக்குத் தெரியும்."

ஸ்ட்ராட்டன் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா மேடம்?"

"இத்தன வருஷத்துல எங்க ஊருக்கு வந்து அணையில கால் வச்ச ஒரே ஆளு அவர்தான். தள்ளிப்போட்டவங்க வேற ஆளுங்க, அவங்கள்லாம் இப்ப எங்கயோ நல்லா இருக்காங்க. இவர் முடிச்சுட்டார் சார். செப்டம்பர்லயே என்கிட்ட நேர்ல சொன்னார். மீன் லிஃப்ட் கிடையாது, விலாங்குக்குச் சாய்தளம் போதும், ஆலைக்காரங்க அவசரப்பட வேணாம்னு சொல்லுங்கன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் சார் எங்க ஆலை இன்னிக்கும் ஓடுது. இவரப் போய் நிக்க வச்சுச் சிரிக்கறீங்களே."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஊரில் ஒருவரை இப்படித்தான் காப்பாற்றுவார்கள். இந்த மனிதர் முகம் கொடுத்துப் பேசினார் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அதற்கு மேல் நற்சான்று கிடையாது. வென்டலைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. இதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த ஆணையத்து வக்கீல் தலையைத் தூக்கினார். பார்வையாளர் வரிசையில் ஓய்வுபெற்ற பல் மருத்துவரான தூண்டில்காரர் சங்கத் தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஸ்ட்ராட்டனுக்கே முதலில் புரியவில்லை. ஓர் உதவியாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். உடனே அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், நிதானமா சொல்லுங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க. உத்தரவு வெளியாகறதுக்கு முன்னாலயே, அதுல என்ன இருக்குன்னு, இந்த அதிகாரி உங்ககிட்ட தனியா சொன்னாரா?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊர் வக்கீல் எச்சரித்ததும், தான் தலையாட்டியதும் அப்போதுதான் டெனீஸுக்கு ஞாபகம் வந்தன. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். வலது கையைத் தூக்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"எங்க ஊர்ல அது பேச்சுதான் சார், வேற ஒண்ணும் இல்ல..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

வெளியே நடைபாதையில் ஸ்ட்ராட்டன் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அருமையான சாட்சியம், மெய்ன்காரர்களின் நேர்மையே தனி என்றார். அவள் கையை உருவிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி ஓடினாள். வென்டல் அங்கே கோப்புகளோடு நின்றிருந்தார்.

"சார், உங்களக் காப்பாத்தத்தான் நான்..."

"தெரியும் மேடம்."

"நான் போய்ச் சொல்றேன். எங்க ஊரு பழக்கத்த அவங்களுக்கு விளக்கிச் சொல்றேன். தப்பு என்மேலதான்..."

"மேடம்." அவர் குரல் உயரவில்லை. "இனி நாம பேசக் கூடாது. இப்ப பேசினதையும் நான் எழுதிக் குடுக்கணும்."

லிஃப்ட் கதவு திறந்தது. அவர் உள்ளே போய், மரியாதைக்கு அவளைப் பார்த்தபடியே நின்றார்.

அதன் பிறகு ஆணையம் காட்டிய வேகத்தைப் பார்த்து ஊரே வாயடைத்துப் போயிற்று. ஒன்பது வருடம் அசையாத ஆபீஸ், அடுத்த வாரமே அசைந்தது. வென்டலைக் கோப்பிலிருந்து தூக்கினார்கள், அப்புறம் வேலையிலிருந்தும் தூக்கினார்கள். அவர் எழுதிய வரைவை ஒரு தரப்போடு கலந்து எழுதியதாகக் கருதி ஓரங்கட்டினார்கள். தூண்டில்காரர் சங்கத்துக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். சங்கம் என்ன ஏமாந்ததா? மீன் கணக்கெடுப்பு எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, பழசாகிப் போன கணக்கை வைத்துப் புது உரிமம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டது. அது பழசானதே தாமதத்தால்தான் என்று டெனீஸ் தொண்டை கிழியக் கத்தினாள். ஆணையம் சங்கத்தின் கேள்வியை ஏற்றுக்கொண்டது. புதிதாக எண்ண வேண்டும், இரண்டு வசந்தத்துக்கு.

தேங்க்ஸ்கிவிங் முடிந்து புது அதிகாரி போனில் அழைத்தார். இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான்.

"நான்தான் மேடம் இனிமே உங்க கோப்பைப் பாக்கறேன். இத எல்லாருக்கும் தெரியற மாதிரி பதிவு பண்றேன். தீர்ப்பு பத்திப் பேச முடியாது. ஒரே ஒரு விவரம் மட்டும் வேணும்."

"கேளுங்க."

"ஸ்டாக்வெல் ஃபால்ஸ் எங்க இருக்கு? மேப்ல அதே பேர்ல ரெண்டு காட்டுது."

டெனீஸ் சொன்னாள். எந்த நெடுஞ்சாலை, எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாலம் என்று பொறுமையாகச் சொன்னாள். போனை வைத்த பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

டிசம்பர் கூட்டத்தில் ஒஹையோக்காரர்கள் தலையைச் சொறிந்து யோசிக்கக்கூட இல்லை. டெனீஸ் சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சியத்தையே அவர்கள் படித்திருந்தார்கள், உரிமம் இப்போதைக்கு வராது என்று தெரிந்துகொண்டார்கள். பனிக்காலம் முடிவதற்குள் மிஷினைப் பகுதி பகுதியாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கடைசி லாரி பாலத்தைக் கடந்தபோது வேடிக்கை பார்க்க நின்றவர்கள் டெனீஸுக்கு வழிவிட்டு நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தாங்கியிருப்பாள். ஹார்டுவேர் கடையில் இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் யாரும் வந்து நிற்பதில்லை. ஷெட் போடுகிறவர்கள் அலுவலகத்துக்கு வந்து, ஜன்னலில் தாளை நீட்டி, ரசீது கேட்கிறார்கள்.

அணையில் டர்பைன் இன்னும் சுற்றுகிறது. மின்சாரம் பொதுக் கம்பியில் ஏறி அடிமாட்டு விலைக்குத் தெற்கே போகிறது, பாஸ்டனில் யாரோ அதில் ஏசி போட்டுக்கொள்கிறார்கள். வருடாந்தர ஓலை மட்டும் தவறாமல் வந்தது: பழைய நிபந்தனைகளின்படி இன்னும் ஓர் ஆண்டு.

வசந்தம் வந்ததும் மீன் எண்ண ஆள் தேவைப்பட்டது. ஊர்ச் செலவில் தற்காலிக வேலை. விண்ணப்பித்தவர்களில் ரேமண்டும் இருந்தான். இருபது வருடம் காகித மிஷினை ஓட்டியவன் அணைக்குக் கீழே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஹெர்ரிங் மீன் வந்து சுவரில் முட்டும்போதெல்லாம் கையிலிருந்த சின்னக் கருவியை அமுக்கினான். இல்லாத ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும் உரிமத்துக்காக மீன் எண்ணுகிற வேலை. அதையும் அவன் ஒழுங்காகத்தான் செய்தான்.

மதியம் டெனீஸ் அவனுக்கு சாண்ட்விச் கொண்டுபோவாள். வாங்கிக்கொள்வான், பேச மாட்டான். அன்றும் அப்படித்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அதே வாசனைத் திரவியக் குரல்.

"மேடம், எங்க ரிப்போர்ட் பாத்தீங்களா? முதல் பக்கத்துலயே உங்க ஊருதான். நீலக் கோட்டுல உங்க போட்டோ அவ்வளவு நல்லா வந்திருக்கு."

"பாக்கல."

"அனுப்பறேன். அடுத்த மாசம் ரெண்டாவது விசாரணை. உரிமம் இன்னும் வரலைல்ல? இப்ப பத்தாவது வருஷம், கதை இன்னும் பலமா இருக்கு. தலைவர் உங்களத்தான் முதல்ல கூப்பிடச் சொன்னார்."

"வென்டல் ஹாஸ்கின்ஸக் கூப்பிடுங்க. ஏன் லேட்டாச்சுன்னு அவருக்குத் தெரியும்."

"அவர சாட்சியா கூப்பிட முடியாது மேடம். அவர் ரிப்போர்ட்ல ஒரு உதாரணம்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க வாங்க. அதே அஞ்சு நிமிஷம்தான். புதுசா ஏதாவது சொல்ல இருக்கா?"

தண்ணீர் இரைச்சலில் டெனீஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இருக்கு. இந்தத் தாமதத்துக்குக் காரணம் நான்தான். அந்த மனுஷன் முடிச்சு வச்சிருந்தார். நான் வந்து உங்க முன்னால பேசினதாலதான் எல்லாம் போச்சு. நீங்க தாமதத்த விசாரிக்காம இருந்திருந்தா எங்களுக்கு உரிமம் வந்திருக்கும்."

அந்தப் பெண் அன்பாகவே சிரித்தாள்.

"அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல அடங்காது மேடம். போன தடவ சொன்னதையே சொல்லுங்க. அந்த மீன் லிஃப்ட் ஜோக்க மறந்துராதீங்க."

டெனீஸ் போனைக் கோட்டுப் பையில் போட்டாள். அதே நீலக் கோட்டு. திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்துபோயிருந்தது.

"யாரு?" என்றான் ரேமண்ட். பல நாளுக்குப் பிறகு அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

"வாஷிங்டன்."

"என்னவாம்?"

"உரிமம் ஏன் லேட்டாகுதுன்னு வந்து சொல்லணுமாம்."

ரேமண்ட் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மீன் வந்து முட்டியது. அமுக்கினான். இன்னொன்று முட்டியது. அமுக்கினான்.

"போக்கா" என்றான். "போய்ச் சொல்லு. நீதான் நல்லாப் பேசுவியே."